வேக வண்டிக்கு வழிவிட்ட ஐம்பது நிமிடம்

2006 தை மாதம், ஒரு புதன்கிழமை. என் பேத்தி கோமதிக்கு ஆறு வரன் வந்து தட்டிப்போயிருந்தது. ஏழாவது வீட்டார் ஞாயிறன்று பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அதற்குள் திருவிடந்தைப் பெருமாளுக்கு மாலை சாத்த வேண்டும். இரண்டு மாலை கொடுத்தால் ஒன்றைத் திருப்பித் தருவார்கள். கல்யாணம் ஆக வேண்டியவர் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று வர வேண்டும். கோமதிக்கு மறைமலைநகரில் வேலை. அன்று மத்தியானம் இரண்டேகாலுக்குச் செங்கல்பட்டில் கம்பெனி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

படாளத்திலிருந்து பஸ்ஸில் போகலாம் என்றாள். ரயில்தான் சௌகரியம் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். 9.05 பாசஞ்சர், செங்கல்பட்டுக்கு டிக்கெட் நான்கு ரூபாய், சுமார் பதினாலு கிலோமீட்டர்.

நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்றது. ஒரே தண்டவாளம். எதிரே ஒரு விரைவு வண்டி புழுதி கிளப்பிப் போனது. பிறகும் நாங்கள் நகரவில்லை.

கொடி பிடித்திருந்தவரைக் கேட்டேன். "இன்னா சார், எம்மா நேரம் நிப்பாட்டுவீங்க?"

"பின்னாடி இன்னொண்ணு வருதும்மா. அத்த வுட்டுட்டுதான் நீங்க."

பக்கத்தில் கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா சிரித்தாள். "நாமல்லாம் ஓசில போறோம்னு நெனச்சிக்கினாங்க போல. ரெண்டாவது தண்டவாளத்துக்கு டப்பு இல்லியாம். இன்னும் வேகமா வண்டி வுடறதுக்கு மட்டும் கீதாம், பேப்பர்ல போட்டுக்கீறான்."

ஐம்பது நிமிடம். செங்கல்பட்டில் 9.45 பஸ் போயிருந்தது. அடுத்ததைப் பிடித்து மாமல்லபுரம், அங்கே பஸ் மாறித் திருவிடந்தை. இறங்கும்போது 12.05. பன்னிரண்டுக்கே நடை சாத்திவிட்டார்கள்.

"மூணு மணிக்கு வாங்கம்மா," என்றார் வாசலில் பூ விற்றவர்.

வீட்டிலிருந்து கட்டி எடுத்துவந்த மாலைப் பொட்டலத்தைக் கோமதி என் கையில் வைத்தாள். "நீயே போட்டுக்கினு சுத்து ஆயா. உனுக்கு ஒரு மாப்ள பாக்கலாம்." சிரித்தாள். இரண்டேகால் பஸ்ஸை விடக்கூடாதென்று திரும்பிப் போகும் பஸ்ஸில் ஏறினாள்.

ஞாயிறன்று வந்தவர்கள் கடிதம் போடுவதாகச் சொல்லிப் போனார்கள். போடவில்லை. அதற்கும் ரயிலுக்கும் சம்பந்தமில்லை என்கிறாள் கோமதி. இருக்கட்டும்.

போகிறவர்கள் காலை ஆறு மணிக்கே பஸ் ஏறுங்கள். மாலை கோயில் வாசலிலேயே கிடைக்கும், வாடாது. பாசஞ்சரை நம்பாதீர்கள். அதுவும் நம் வரிப்பணத்தில் ஓடுவதுதான், ஆனால் கடைசியில் ஓடும்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். கழித்தல் கணக்கு மட்டும் தப்பாது. அந்த இரண்டு வண்டியில் போனவர்களுக்கு மிச்சமான நேரம் யாரிடமிருந்து கழிந்தது என்று எனக்குத் தெரியும்.