மின்னியதால் அசல் என்றேன்

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். அதனால் எந்த விஷயத்திலும் நான் சொல்வதுதான் முடிவு.

பள்ளியில் படிக்கும் என் தங்கை ஒரு கொரியப் பாட்டுக் குழுவின் ரசிகை. அவள் பிறந்தநாளுக்கு அந்தப் பாடகர்களின் படம் அச்சிட்ட, ரசிகர்கள் சேர்த்துவைக்கும் போட்டோகார்டுகளை ஆன்லைனில் வாங்கித் தந்தேன். சாய்த்துப் பார்த்தால் வானவில் நிறங்களில் மின்னின.

"ஒரிஜினல்தானாக்கா?" என்று கேட்டாள்.

"ஹாலோகிராம் மினுக்குதுல்ல? சார்ஜர் டப்பாவுல கூட ஒரிஜினலுக்குத்தான்டி இப்படி ஒட்டுவாங்க" என்றேன்.

அதை நம்பி, ஒரு கார்டைச் சின்னாளப்பட்டியிலிருந்து வரும் பள்ளித் தோழியிடம் கொடுத்து, ஆல்பத்தோடு வந்த அவளுடைய அசல் கார்டை மாற்றிக்கொண்டாள். மறுநாள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். "கார்டு டூப்ளிகேட்டாம். அம்புட்டுப் பேரு முன்னாடி என்னைய ஏமாத்துக்காரின்னுட்டாக்கா. எங்கக்கா படிச்சவ, அவதான் சொன்னான்னேன். எல்லாரும் சிரிக்கிறாளுக."

விற்பனைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ரசிகர்கள் தயாரித்தது, அதிகாரப்பூர்வமானதல்ல என்று ஆங்கிலத்தில் தெளிவாகவே போட்டிருந்தது. மின்னியது வெறும் அலங்காரப் பூச்சு. வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த நான் அதைப் படிக்கவே இல்லை.

தங்கையோடு போய் அந்தத் தோழியிடம் அசல் கார்டைத் திருப்பிக் கொடுத்தேன். "தப்பு என்னோடது. இவளுக்கு எதுவும் தெரியாது" என்றேன்.

"அப்ப காலேஜ்ல என்னதான்க்கா சொல்லித் தர்றாங்க?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பெண் என் தங்கையின் தோளில் கை போட்டுக்கொண்டாள். என்னால்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இப்போதெல்லாம் தங்கை எதைக் கேட்டாலும், "தெரியலடி, இரு, படிச்சுப் பாத்துச் சொல்றேன்" என்கிறேன். அதைச் சொல்ல இன்னமும் கூச்சமாகத்தான் இருக்கிறது.