யோத்தெபோரித் துறையில் அப்பா

யோத்தெபோரி என்ற இந்த ஸ்வீடிஷ் துறைமுக ஊரில் மீன் விற்கும் கூடம் பார்ப்பதற்குத் தேவாலயம் போலவே இருக்கும். செங்குத்தான கூரை, கூர்முனை ஜன்னல்கள். பெயரும் ‘ஃபெஸ்கெஷோர்கா’, மீன் தேவாலயம். ஊர் சுற்றிக் காட்டுவது என் வேலை. நான் அழைத்து வரும் நம்மூர்க்காரர்களில் யாராவது ஒருவர் அதன் வாசலில் செருப்பைக் கழற்றிவிடுவார். போன மாதம் அப்படிக் கழற்றியவர் என் அப்பா.

மீன் விற்கும் பெண், பெரியவருக்குக் கால் வலி போலிருக்கிறது என்று நினைத்து ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து போட்டாள். அப்பா அதை உபசாரம் என்று எடுத்துக்கொண்டார். கைகூப்பி, “இருக்கட்டுங்க, நீங்க உக்காருங்க” என்றார். நாற்காலியை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் மாறி மாறித் தலையாட்டினார்கள். மொழிபெயர்க்க வேண்டிய நான் அப்பா பேசுவதையே கேட்டுக்கொண்டு நின்றேன். அந்தக் குரலை நேரில் கேட்டு ஏழு வருடமாகியிருந்தது.

திருப்பூரில் அப்பாவுக்குப் பனியன் கம்பெனி. அங்கே துணி வெட்ட அளவு வரைந்து தரும் பேட்டர்ன் மாஸ்டராக இருந்த ஜோசப்பை நான் கல்யாணம் செய்துகொண்டேன். பதிவு முடிந்து நேராக வீட்டுக்குப் போனோம். அப்பா கத்தவில்லை. “எங்கியாச்சும் நல்லா இருங்க. இந்த ஊட்டுக்கு வராதீங்க” என்றார், அவ்வளவுதான். பிறகு இங்கே ஒரு ஆடை நிறுவனத்தில் ஜோசப்புக்கு வேலை கிடைத்தது. நான் ஸ்வீடிஷ் படித்து வழிகாட்டியானேன். திருப்பூரிலிருந்து, சரக்கு எடுக்கும் பையர்களைப் பார்க்க வரும் முதலாளிகள் பட்டியலில் அப்பாவின் பெயரைப் பார்த்தபோது, அந்தக் குழுவை வேறொருவரிடம் தள்ளிவிட்டிருக்கலாம். மனசு வரவில்லை.

டச்சுக்காரர்கள் திட்டமிட்டு வெட்டிய கால்வாய்களைக் காட்டினேன். சீனத்துத் தேயிலையும் பட்டும் வந்து இறங்கிய கிடங்கைக் காட்டினேன். அப்பா எல்லோருக்கும் பின்னால், கையைப் பின்னே கட்டிக்கொண்டு நடந்தார். ஊரில் இருந்தபோது அவர் மீசையில் எப்போதும் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். தட்டிவிடுவது என் வேலை. இங்கே மீசை சுத்தமாக இருந்தது. முழுக்க நரைத்திருந்தது.

கடைசியாக ஆற்றுத் துறை.

“வெள்ளாமை பொய்ச்சுப்போயி, லட்சக்கணக்கான சனம் இங்கிருந்துதானுங்க அமெரிக்காவுக்குக் கப்பலேறுச்சு. பெத்தவங்க இந்தக் கல்லு மேல நின்னு வழியனுப்புனாங்க” என்றேன்.

மற்றவர்கள் படம் எடுக்க நகர்ந்தார்கள். அப்பா நகரவில்லை.

“போனவங்க திரும்பி வந்தாங்களா?”

“கொஞ்சம் பேருதானுங்க.”

ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். “கூப்புட்டிருந்தா வந்திருப்பாங்களோ என்னமோ.”

“வந்திருப்பாங்கப்பா.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குளிர்காற்றுக்கும் கண்ணில் நீர் வரும்தான்.

“மாப்பிள்ளை சௌக்கியமா?”

“சௌக்கியமுங்கப்பா.”

“பொங்கலுக்கு ரெண்டு பேரும் வாங்க, கண்ணு.”

சரி என்று தலையாட்டினேன். அக்கரையில் அவர்களுடைய ஓட்டல். படகு வந்தது, எல்லோரும் ஏறினார்கள். அப்பா ஓரமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் பக்கமாகத் திரும்பி நின்றார். ஊரை விட்டுப் போனவள் நான். ஆனால் கரையில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தவளும் நான்தான். எனக்குப் பின்னால் வீட்டுக்குப் போகும் டிராம் வந்து நின்றது. கதவு திறந்து மூடிக்கொண்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.