அருள்குமாரின் உப்புத் தண்ணீர்

கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் யோசித்துச் சொல்கிற ஊரில், கடல் மீன் விற்றுப் பிழைக்கிறவன் நான். பெயர் முனீஸ். தூத்துக்குடியிலிருந்து பனியன் கம்பெனிக்குக் கட்டிங் வேலைக்கு வந்து, எட்டு வருஷம் துணி வெட்டி, முதுகு போனபின் வீரபாண்டியில் இந்த மீன் கடையைப் போட்டேன். வருகிறவர்களில் பாதிப் பேர் சும்மா வேடிக்கை பார்க்க வருகிறவர்கள். மீதிப் பேர் வாஸ்துவுக்கென்று மீன் வாங்கிப்போய், ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் கொன்றுவிட்டு, என் மீனில்தான் கோளாறு என்று சண்டைக்கு வருகிறவர்கள். எனக்கும் வாய் நீளம், சும்மா விடமாட்டேன். அந்த வாயை வைத்துக்கொண்டு அருள்குமாரிடம் நான் பேசியது இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை.

அருள்குமார் ஒரு சாயப்பட்டறையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டர். அவர் வாயில் அது பிளான்ட். துணிக்குச் சாயம் ஏற்றிய தண்ணீர் சிவப்பும் நீலமுமாக அவரிடம் வந்து சேரும். தொட்டி தொட்டியாக ஏற்றி இறக்கி, உப்பைத் தனியாகவும் தண்ணீரைத் தனியாகவும் பிரித்து, மறுபடி பட்டறைக்கே அனுப்ப வேண்டும். ஒரு சொட்டு வெளியே போகக்கூடாது. பதினெட்டு வருஷமாக இதே வேலை. மூக்கு செத்துப்போய்விட்டது, மல்லிகைப்பூவும் ஆசிட்டும் தனக்கு ஒன்றுதான் என்று சிரிக்காமல் சொல்வார்.

மனைவி பெயர் ஜெயபாரதி. பத்து வயதில் மதுமதி என்று ஒரே பெண். இரண்டு பேரும் அவரோடு இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், பிளான்ட்டைச் சோதிக்க அதிகாரிகள் வந்திருந்த ஒரு நாளில், ஜெயபாரதிக்கு ஐந்து மாதக் கரு கலைந்துவிட்டது. இவர் போனை லாக்கரில் பூட்டிவிட்டுத் தொட்டி மேல் நின்றுகொண்டிருந்தார். மறுநாள் காலையில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஜெயபாரதி ஒரு வார்த்தை திட்டவில்லையாம். அங்கிருந்து நேராக ஊத்துக்குளியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெண்ணை அனுப்புவாள். காலையில் இவர் போய்க் கூட்டிவந்து, சாயங்காலம் கொண்டுபோய் விட வேண்டும்.

அந்த ஞாயிறுகளில் மதுமதி பையை மடியிலிருந்து இறக்காமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாளாம். கேட்டதற்கு மட்டும் பதில். அப்படி ஒரு ஞாயிறு, புரோட்டா வாங்கக் கூட்டிவந்த இடத்தில், என் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிட்டாள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட க்ளவுன் மீன் இரண்டு உள்ளே நீந்திக்கொண்டிருந்தன. முக்கால் மணி நேரம் அவள் நகரவில்லை. மறுநாள் காலையில் அருள்குமார் தனியாக என் கடைக்கு வந்தார்.

மீன் என்ன விலை என்று அவர் கேட்கவில்லை. “ஏனுங்க, இந்த மீன் ரெண்டும் ஒரு நாளைக்கு எவ்வளவு அழுக்குப் பண்ணுமுங்க?” என்றுதான் கேட்டார். பத்து வருஷத்தில் என்னிடம் ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லை. ஆளை எனக்கு அப்போதே பிடித்துப்போனது.

அறுபது லிட்டர் பிடிக்கிற இரண்டடித் தொட்டி. அதற்கு ஃபில்டர் தேர்ந்தெடுக்க அவர் மூன்று நாள் வந்தார். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, அழுக்கு எங்கே போகிறது என்று ஒரே கேள்வியைக் கேட்டார். பஞ்சு ஃபில்டரைக் காட்டினேன். அழுக்கு தொட்டிக்குள்ளேயேதானே கிடக்கிறது என்று வைத்துவிட்டார். வெளியே வைக்கும் டப்பா ஃபில்டரைக் காட்டினேன்; மூடி வைத்த டப்பாவுக்குள் கசடு அழுகுவது கண்ணுக்குத் தெரியாது, தனக்கு மோப்பமும் கிடையாது என்று ஒதுக்கினார். கடைசியில், தொட்டியின் பின்விளிம்பில் மாட்டி, தண்ணீரை இழுத்து அருவி மாதிரி மேலிருந்து கொட்டும் ஃபில்டரை எடுத்துக்கொண்டார். அதில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கொட்டுகிற தண்ணீரில் காற்றும் கலக்கும். அழுக்கைத் தின்னும் பாக்டீரியாவைப் பற்றி நான் வழக்கமாக எடுக்கும் பாடத்தை ஆரம்பித்தபோது அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. அவர் பிளான்ட்டில் அதற்கென்றே கிணறு அளவுக்குத் தொட்டி இருக்கிறதாம். உப்பைக் கரைத்து ஊற்றிய பிறகு, அந்தப் பாக்டீரியா வளரட்டும் என்று ஐந்து வாரம் மீன் விடாமல் பொறுமையாகக் காத்திருந்தவர் என் வாடிக்கையில் அவர் ஒருத்தர்தான்.

மீன் வந்தது. மதுமதியும் மாறினாள். பையை இறக்கி வைத்தாள். தொட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மீனைப் பார்த்தபடியே பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொன்னாள். இவர் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொள்வார். எனக்கு ஒருநாள் கேலி பண்ணத் தோன்றி, பாப்பா அப்பாவைப் பார்க்க வருகிறதா மீனைப் பார்க்க வருகிறதா என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

“மீனுக்குத்தானுங்க வருது. எனக்குத் தெரியுமுங்க. எதுக்கு வந்தா என்னங்க, வருதுல்லீங்க” என்றார்.

நாலு மாதம் அப்படியே ஓடியது. ஆனால் உப்புத் தொட்டியில் வாரத்துக்கு ஆறு லிட்டர் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்ற வேண்டும். புதுசு ஊற்றுவதில் அவருக்குச் சிரமமில்லை. பழசைக் கொட்டத்தான் அவருக்குக் கை வரவில்லை. உப்புத் தண்ணீரைச் சாக்கடையில் விடுவது அவருக்கு ஆகாத காரியம். எல்லாவற்றையும் கேனில் பிடித்து மாடிப்படியில் வரிசையாக அடுக்கியிருந்தார். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் பெரியவர், படி ஏற வழியில்லை என்று சத்தம் போட்டுவிட்டார். மீனும் வளர்ந்திருந்தது, அழுக்கும் கூடியிருந்தது. தண்ணீர் மாற்றுவதைக் குறைக்க வழி கேட்டு அருள்குமார் என்னிடம் வந்தார்.

இரண்டு சின்ன மீனுக்கு, அழுக்கைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் கருவி தேவையில்லை, கேனைக் கொண்டுவந்து என் கடைச் சாக்கடையில் கொட்டுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். சாக்கடை யாருடையதாக இருந்தால் என்ன என்று கேட்டார். சரி என்று ஸ்கிம்மர்களை எடுத்து வைத்தேன். தொட்டிக்கு அடியில் இன்னொரு தொட்டி வைத்து ஓட்டுவதுதான் நல்லது; அவர் அறையில் அதற்கு இடமில்லை. உள்ளே முக்கி வைக்கும் சின்னது வெறும் பொம்மை, அதை நான் அவருக்கு விற்க விரும்பவில்லை. பின்விளிம்பில் தொங்கவிடும் ஸ்கிம்மரைத்தான் கடைசியில் காட்டினேன். உப்புத் தண்ணீரில் பொடிப்பொடியாகக் காற்றைக் கலக்கும். குமிழியில் அழுக்கு ஒட்டிக்கொண்டு நுரையாக மேலேறி, உச்சியில் இருக்கும் கிண்ணத்தில் தேத்தண்ணி நிறத்தில் வழியும். அந்தக் கிண்ணத்தைக் கழுவிவிட்டால் போதும்.

அருள்குமாருக்கு நுரை என்றதும் முகம் சுருங்கியது. பிளான்ட்டில் நுரை கிளம்பினால் தொட்டிக்கு நோய் என்று அர்த்தம். மேனேஜர் கூப்பிட்டுக் கேட்பார். உடனே நுரையடக்கி ஊற்றுவார்கள். “நீங்க நுரை வரோணும்னு காசு குடுத்து மிஷின் வாங்கச் சொல்றீங்க” என்றார். இங்கே நுரைதான் மருந்து அண்ணாச்சி என்றேன். தலையை ஆட்டினார். பதினெட்டு வருஷத்துப் பயம் ஒரு தலையாட்டலில் போய்விடும் என்று நானும் நம்பினேன்.

பின்விளிம்பில் இரண்டு கருவி மாட்ட இடம் பத்தவில்லை. பழைய ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், ஸ்கிம்மரே காற்றடிக்கும், அது ஒன்று போதும் என்று சொன்னது நான்தான். அவர் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் கழற்றினார்.

புது ஸ்கிம்மர் முதல் சில நாள் கன்னாபின்னாவென்று நுரைக்கும். காற்றுத் திருகைக் கொஞ்சம் திருகினால் அடங்கிவிடும், இல்லை அணைத்து வைக்கலாம். நான் இதைச் சொன்னேனா, சொல்ல மறந்தேனா என்று எனக்கே நிச்சயமில்லை. மாட்டிய மூன்றாம் நாள், இரண்டாவது ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்கு நுரை கிண்ணத்தைத் தாண்டி வழிந்து சுவரில் இறங்கித் தரையில் ஓடியிருக்கிறது. கீழே கூரை நனைகிறது என்று வீட்டுக்காரர் கத்துகிறார். ஆறு மணிக்கு அருள்குமாருக்கு நைட் ஷிஃப்ட். எனக்கு மூன்று தடவை போன் செய்தார். நான் கடையில்தான் இருந்தேன். அவர் பெயரைப் பார்த்தேன். தினமும் உப்பு அளவு, சூடு அளவு என்று நாலு தடவை கூப்பிடுகிற மனுஷன், இந்த ஆளுக்கு வேறு வேலையே இல்லையா என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். அவர் ஷிஃப்ட் முடித்து, நேராக ஊத்துக்குளி போய்ப் பெண்ணைக் கூட்டிவந்து, கதவைத் திறந்திருக்கிறார். மதுமதிதான் முதலில் உள்ளே ஓடியிருக்கிறாள். இப்போது அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதில் இரண்டு மீன். மதுமதி ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தாள்.

உப்பு சரி, சூடு சரி என்று அவர் தினமும் அளவு குறித்துவைக்கும் சீட்டைப் படித்துக் காட்டினார். நான் பாட்டில் தண்ணீரை ஒரு தட்டில் ஊற்றி வெளிச்சத்தில் சாய்த்தேன். மேலே எண்ணெய்ப் படலம் வானவில் நிறத்தில் நகர்ந்தது. என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டேன். தப்புச் செய்த முகமே இல்லை அவருக்கு. முன்பு வாஷிங் மெஷினில் நுரை வழிந்தபோது பிளான்ட்டிலிருந்து சின்ன பாட்டிலில் நுரையடக்கி கொண்டுவந்து வைத்திருந்தாராம். “அரை மூடிதானுங்க விட்டேன். பிளான்ட்ல பக்கெட்டுல ஊத்துவோமுங்க. கண்ணு மூடித் தெறக்கறதுக்குள்ள அடங்கிருச்சுங்க” என்றார்.

நுரையோடு ஸ்கிம்மரின் வேலையும் நின்றுபோயிருக்கிறது. படலம் தண்ணீரை மூடிவிட்டது. கொட்டிக் கலக்க அந்தப் பழைய ஃபில்டரும் இல்லை. மீன் இரண்டும் ராத்திரி முழுக்க மூச்சுக்குத் தவித்துச் செத்திருக்கின்றன. இதில் என் பங்கு எவ்வளவு என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

“மீன் தானாச் சாகல அண்ணாச்சி. நீங்கதான் கொன்னுருக்கீய” என்றேன்.

பெண் பக்கத்தில் நிற்பதை, சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன். அருள்குமார் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் அந்தப் படலத்தைத் தொட்டு, கட்டை விரலோடு தேய்த்துப் பார்த்தார். நான் பதறிப்போய், காசு வேண்டாம், புதுசா ரெண்டு மீன் பிடிச்சுக்கோ பாப்பா என்று வலையை அவள் கையில் திணித்தேன். அவளுக்கு முன்னால் தொட்டியில் நாலைந்து க்ளவுன் மீன்கள் இருந்தன. அவள் அதைப் பார்த்தாள். பிறகு வலையைக் கல்லாவில் வைத்துவிட்டு அப்பாவிடம் திரும்பினாள். அழவில்லை. காய்ச்சல்காரரிடம் பேசுகிற மாதிரி மெதுவாகத்தான் சொன்னாள்.

“இனிமே நீங்க எதையும் வளக்க வேண்டாங்கப்பா.”

அவர் சரி கண்ணு என்றார். கவரை என்னிடம் கொடுத்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனார். அன்று மதியமே அவளை ஊத்துக்குளியில் கொண்டுபோய் விட்டுவிட்டதாகப் பின்னால் தெரிந்தது. போனைக் கவிழ்த்து வைத்ததை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து வந்தார். பழைய ஃபில்டரை மறுபடி மாட்டிவிட்டாராம், ஸ்கிம்மரைச் சோடா மாவு போட்டு ஏழு தடவை கழுவினாராம். தொட்டியைக் காலி செய்து, புதுத் தண்ணீர் கரைத்து நிரப்பி, எல்லாம் ஓடுகிறதாம். உப்பு ஒரு பை வேண்டும் என்றார். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. எத்தனை மீன் அண்ணாச்சி என்று வலையை எடுத்தேன்.

“மீன் இல்லீங்க. பாப்பா வேண்டாம்னு சொல்லிப்போட்டுதுங்க.”

வெறும் தொட்டிக்கு உப்பு எதற்கு என்று கேட்டேன். தண்ணீர் மாற்றத்தானாம். பாக்டீரியா பட்டினி கிடக்கக்கூடாது என்று தினமும் காலையில் ஒரு சிட்டிகை மீன் தீவனமும் போடுகிறாராம். பாப்பா வந்ததா என்று கேட்டேன். இந்த ஞாயிறு பரீட்சை என்று ஜெயபாரதி சொன்னாளாம். அதற்கடுத்த மாதம் கேட்டபோது சளி. அதற்கடுத்த மாதத்திலிருந்து நான் கேட்பதில்லை.

“தண்ணி ரெடியா இருக்கோணுமுங்க. பாப்பா மனசு மாறி மீன் வேணும்னு வந்தா, அன்னைக்குப் போயி, அஞ்சு வாரம் இரு கண்ணுன்னு சொல்ல முடியாதுங்களே” என்று முதல் பை வாங்கிய அன்றே சொல்லிவிட்டார்.

இது ஏழாவது பை. கொடுக்கக்கூடாது என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். அவர் வந்து நின்றதும் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.