ஜெர்சி தவிர எல்லாம்

எங்கள் கல்லூரிப் பெண்கள் கால்பந்து கிளப்பில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. ஆடும் இடம்தான் பெயர். கோலி, டிஃபென்ஸ், லெஃப்ட் விங். நான் பெரும்பாலும் ஓரத்தில் உட்கார்ந்திருந்ததால் என் பெயர் பெஞ்ச். என் கால் சொன்னபடி கேட்காது, வாய் மட்டும் ஓயாது. அதனால்தான் இரண்டாம் ஆண்டில் ஸ்பான்சர் பிடிக்கும் வேலையைத் தெலுங்குக்காரியான கேப்டன் என் தலையில் கட்டினாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது தெலுங்குக்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

ஸ்பான்சர் ஏன் வேண்டும் என்றால், நாங்கள் கல்லூரியின் அணி அல்ல, கிளப். அணி என்றால் கல்லூரி சட்டை கொடுக்கும், பஸ் கொடுக்கும். கிளப்புக்கு வாழ்த்து மட்டும் கொடுக்கும். டிசம்பரில் செகந்திராபாத்தின் தார்நாகா மைதானத்தில் கல்லூரி கிளப்புகளுக்குப் போட்டி. எண் போட்ட ஒரே நிற ஜெர்சி இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

எனக்கு அந்தப் போட்டி வேண்டியிருந்தது லெஃப்ட் விங்குக்காக. அவள் செகந்திராபாத்தில் பல தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். தமிழும் உருதும் தெலுங்கும் அவள் வாயில் ஒரே வாக்கியத்தில் வரும். அவள் அம்மா கோயில் பாடகர் குழுவை நடத்துபவர். எங்கள் பயிற்சியும் அவர்கள் பாட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே நேரத்தில். போட்டியில் ஆடும் பெயர்களில் மகள் பெயர் இருந்தால் பந்து, இல்லாவிட்டால் பாட்டு, அத்தோடு கால்பந்துக்கு முழுக்கு என்று அம்மா தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

அவள் பெயர் இருக்குமா என்பதுதான் சந்தேகம். ஆட்டம் தொடங்கிய முதல் பத்து நிமிடம் அவளை யாரும் தொட முடியாது. அதன் பிறகு முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றுவிடுவாள். கேப்டன் அதைச் சோம்பேறித்தனம் என்றாள். கோல் அடிக்கும்போது மட்டும் கால் வருகிறது, திரும்பி ஓடச் சொன்னால் மூச்சு வாங்குகிறது என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். மழைக்காலம் முடிவதற்குள் ஒரு பாதி ஆட்டமாவது முழுதாக ஓடிக் காட்டாவிட்டால் இடம் கிடையாது என்றும் சொல்லிவிட்டாள். விங்கும் தன்னைச் சோம்பேறி என்றே நினைத்திருந்தாள்.

ஸ்பான்சர் தேடப் போகும்போது அவளைத்தான் கூட்டிப் போவேன். அவள் மொழிகள் எனக்குத் தேவைப்பட்டன. ஒரு தொல்லை, படி ஏறமாட்டாள். இரண்டாவது மாடிக்குள் எங்காவது உட்கார்ந்துவிடுவாள்.

“லிஃப்ட் இல்லாத ஸ்பான்சர் நமக்கு நக்கோடி” என்பாள். நக்கோ என்றால் அவள் உருதுவில் வேண்டாம்.

முதலில் குகட்பள்ளியில் வெளிநாட்டுப் படிப்புக்குத் தயார் செய்யும் பயிற்சி மையம் ஒன்றுக்குப் போனோம். எங்கள் அணி முழுவதற்கும் இலவச மாதிரி வகுப்பு ஒன்று தருவதாகச் சொன்னார்கள். பந்தை விட்டுவிட்டு நாடு மாறுவதாக உத்தேசம் இல்லை என்று எழுந்து வந்துவிட்டேன். அடுத்தது எங்கள் ஹவுசிங் போர்டு காலனியில் தோசை மாவுக் கடை. கடைக்காரர் மதுரைக்காரர்.

“ஜெர்சியெல்லாம் நமக்குக் கட்டுபடியாகாதும்மா. மாவு வேணா தாரேன், வாராவாரம் வந்து வாங்கிக்கங்க. ஆனா ஜெர்சி முன்னாடி நம்ம கடை பேரப் போட்ரணும்” என்றார்.

மல்லாபூரில் பிளாஸ்டிக் சாமான் செய்யும் தொழிற்சாலை முதலாளி வாளிகளும் குவளைகளும் கொடுத்தார். அவருக்கு ஜெர்சியின் தோள்பட்டையில் பெயர் வேண்டும். பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, வாளிக்கு உண்டு என்றார் கண்டக்டர். நான் சண்டை போட்டேன். வாளியும் வீட்டில் பெண்கள்தானே தூக்குகிறார்கள் என்று விங் உருதுவில் எடுத்துச் சொல்ல, அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

ஆக, எல்லாருக்கும் ஜெர்சியில் பெயர் வேண்டும், ஜெர்சி தர ஆள் இல்லை. பந்தல் போட்டுச் சமையலும் முடித்துவிட்டு மாப்பிள்ளை தேடிய கதைதான். குவளைகளை வரிசையாகக் கவிழ்த்து அவற்றுக்கு நடுவே பந்தை ஓட்டிப் பழகினோம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது அல்லவா?

தார்நாகாவில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்று இருந்தது. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. விங்கைப் படியில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் மேலே போனேன். அணி முழுவதற்கும் இலவசமாக ரத்தப் பரிசோதனை செய்கிறோம் என்றார் மேலாளர். எல்லாரும் ரத்தம் கொடுத்துவிட்டுப் பேனர் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும், ஜெர்சி முதுகில் பெயர் போட வேண்டும், ஒருவர் குறைந்தாலும் ஒப்பந்தம் இல்லை. ஜெர்சி கேட்கப் போன இடத்தில் இருக்கிற ரத்தத்தையும் கேட்கிறார்களே என்று எரிச்சல் வந்தது. ஆனாலும் தலையாட்டினேன். கேப்டனிடம் காட்ட உருப்படியாக ஒரு ஸ்பான்சராவது எனக்கு வேண்டும்.

கீழே வந்து சொன்னதும் விங் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு ஊசி என்றால் உயிர்போகும் பயம்.

“எனக்குக் கைக்குடி, எதுக்குடி பிளட் டெஸ்ட்? நான் நல்லாத்தானே இருக்கேன்.”

“நீ வரலைன்னா போட்டோ இல்ல. போட்டோ இல்லைன்னா ஸ்பான்சர் இல்ல.”

முழங்கை மடிப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். “ஹவ், சரி, உன் ஸ்பான்சருக்காக வரேன். ஆனா நீ கையைப் பிடிச்சுக்கணும்” என்றாள்.

பிடித்துக்கொண்டேன். அவள் நகம் பதிந்த தடம் மறுநாள்வரை என் மணிக்கட்டில் இருந்தது. படத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள், அவள் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். கேப்டனும் விங்கும் நானும் போனோம். அங்கிருந்த டாக்டர் அம்மாள், யார் அந்தப் பெண் என்று கேட்டுவிட்டு விங்கை நாற்காலியில் உட்கார வைத்தார். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு கேப்டனிடம் தெலுங்கில் பேசினார். பன்னிரண்டு இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஏழுதான் இருக்கிறது, இவ்வளவு குறைந்த ரத்தத்தோடு மாடிப்படி ஏறுவதே கஷ்டம், இந்தப் பெண்ணை வைத்துக்கொண்டா கால்பந்து ஆடுகிறீர்கள், பத்து நிமிடம் எப்படித்தான் ஓடினாளோ என்றார்.

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல், லிஃப்ட் வைக்காத அந்தக் கட்டடக்காரனை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். விங் மட்டும் விசித்திரமாகச் சிரித்தாள்.

“அப்போ நான் சோம்பேறி இல்லையாடி?” என்று என்னிடம் கேட்டாள்.

கேப்டனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எதையோ புரிந்துகொண்டாள். விங்கின் கிட் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் இறங்கினாள். மன்னிப்பு என்றெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஜூலை நாளிலிருந்து எங்கே போனாலும் அந்தப் பை அவள் தோளில்தான் தொங்கியது. விங் பிடுங்கப் பார்த்தாலும் விடமாட்டாள்.

போட்டிக்கான பட்டியலில் கேப்டன் விங்கின் பெயரை முதலில் எழுதிவிட்டாள். ஆனால் டாக்டர் சரி என்றால்தான் ஆடலாம். டிசம்பருக்குள் ரத்தம் ஊற வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையோடு அவளுக்கு மண்டகப்படி ஆரம்பித்தது. விஷயம் கேள்விப்பட்ட மதுரைக்காரர் தோசை மாவை நிறுத்திவிட்டுக் கம்பு மாவு கொடுக்கத் தொடங்கினார். என் அம்மா திருநெல்வேலிக்காரி. என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி, அந்தப் புள்ளைய ரத்தமே இல்லாம ஓடவிட்டு வேடிக்க பாத்திருக்கியளே, இது நல்லாருக்கா? இந்தா, முருங்கக்கீரப் பொரியல். மிச்சம் வைக்காம திங்கச் சொல்லு.”

தினமும் டப்பாவோடு போய் நின்றேன். “காலையில கம்பு, மத்தியானம் கீரை. நான் என்னடி ஆடா?” என்பாள். ஆனால் மிச்சம் வைத்ததில்லை. தசரா விடுமுறை முடிந்து ஒருநாள், கல்லூரியில் மூன்றாவது மாடி வகுப்புக்கு எனக்கு முன்னால் ஏறிப் போய்விட்டாள். நின்று திரும்பிப் பார்த்தது நான்தான். அடுத்த பரிசோதனையில் டாக்டர் அம்மாளும் தலையசைத்தார்.

ஜெர்சி மட்டும் இன்னும் வரவில்லை. வாளிகள் என்ன ஆயின என்று மல்லாபூர் முதலாளி கேட்டிருந்தார். குவளைகளுக்கு நடுவே நாங்கள் பந்து ஓட்டும் வீடியோவைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துச் சிரித்தார். பிறகு உள்ளே போய், தொழிலாளர்களுக்காகத் தைத்து மிஞ்சிய ஆரஞ்சு நிற டி-ஷர்ட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மார்பில் ஒரு பாக்கெட், அதில் பேனா வைக்கத் தனித் தடுப்பு. பேனா வைத்துக்கொண்டு பந்து ஆடிய ஒரே அணி நாங்களாகத்தான் இருப்போம். முதுகில் எண்ணும், அவரவர் கேட்ட இடத்தில் ஸ்பான்சர் பெயரும் தைத்துக் கொடுத்தவர், எவரும் கேட்காமலே, பாடகர் குழுவை நடத்தும் விங்கின் அம்மா. தையலும் ராகம்போல ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை.

டிசம்பரில் அந்தச் சட்டையோடு, முன்னால் மாவு, முதுகில் ரத்தம், தோளில் வாளி என்று தார்நாகா மைதானத்தில் இறங்கினோம். எதிரணி சிரித்தது. முதல் பத்து நிமிடத்தில் விங் ஒரு கோல் போட்டதும் சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அவளை மட்டுமே பார்த்தேன். எப்போது குனிவாள், எப்போது முழங்காலில் கை ஊன்றுவாள் என்று பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அவள் அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். பாதி ஆட்டம் முடிந்தது. இரண்டாவது பாதியும் ஓடியது. எதிரணி இரண்டு கோல் போட்டது. திரும்பி ஓடி மூன்றாவதைத் தடுத்தது விங்தான்.

தோற்றோம், முதல் ஆட்டத்திலேயே வெளியேறினோம். விசில் ஊதியதும் ஆளுக்கொரு பக்கம் புல்லில் விழுந்தார்கள். கேப்டனே முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்றாள். விங் மட்டும் நிமிர்ந்து நின்று நடுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அவ்ளோதானாடி? முடிஞ்சிருச்சா?” என்றாள்.

என்ன சொல்கிறாள் என்று கேப்டன் என்னிடம் கேட்டாள். இன்னும் ஆட்டம் இருக்கிறதா என்று கேட்கிறாள் என்றேன். கேப்டன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பெஞ்சுக்கு வந்து, ஜூலையிலிருந்து சுமந்த அந்தக் கிட் பையை எடுத்துக்கொண்டு போய் விங்கின் கையில் கொடுத்தாள். இனிமேல் நீயே தூக்கிக்கொள் என்று தெலுங்கில் சொன்னாள்.