எண்ணுக்குப் பின்னால் இருந்த வரிகள்

ரத்த வங்கியின் பதிவு மேசையில் அவளுக்குப் பதினெட்டு வருடம். பக்கத்து நாற்காலி எட்டு மாதமாகக் காலி. அதில் இருந்தவரை எல்லோரும் டெலிபோன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தம் தர வந்தவரிடம் நாலு வார்த்தை பேசி, கேட்டதையெல்லாம் தொலைபேசி எண் கட்டத்திலேயே எண்ணை ஒட்டித் தட்டி வைத்துவிடுவார். ‘காலையில கூப்பிடாதே, நைட் டூட்டி.’ ‘ஊசின்னு மட்டும் சொல்லிடாதே.’ நெஞ்சுவலி வந்து இறந்துபோன அன்று மத்தியானம்கூட இரண்டு வரி தட்டியிருந்தார்.

இப்போது புது மென்பொருள் வந்துவிட்டது. எண் கட்டத்தில் பத்து இலக்கத்தைத் தவிர எதையும் அது ஏற்காது.

“பழைய லிஸ்ட்ட வெள்ளிக்கிழம நாலு மணிக்கு இதுல ஏத்துறேன் மேடம். நம்பர மட்டும் வெட்டிக் குடுங்க, கதையெல்லாம் எதுக்கு?” என்றார் கம்ப்யூட்டர்காரர்.

“அந்தக் கதை தெரியாம கூப்பிட்டா பாதிப் பேர் வரமாட்டாங்க சார்.”

“ஆயிரத்து நூத்தி நாப்பது வரி. கையால பிரிச்சா நீங்க ரிட்டயர் ஆயிடுவீங்க.” சிரித்துவிட்டு, மனசு கேட்காமல் ஓர் இணையப் பக்கத்தை அனுப்பி வைத்தார். ரெகுலர் எக்ஸ்பிரஷன் பாடம். எந்த வரிசையில் எழுத்தும் எண்ணும் வரும் என்று சில குறிகளால் சொல்லிவிட்டால், அப்படிப்பட்டதைக் கணினியே தேடிப் பிடித்துக் கொடுக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் கரண்டியோடு ஆரம்பித்தாள். திரையில் மேலே பிடிக்க வேண்டிய வரிகள், கீழே விட வேண்டிய வரிகள். நடுவில் இருந்த கட்டத்தில் தட்டத் தட்டப் பச்சையும் சிவப்பும் உடனே மாறின. ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரம் போட்டாள்; ‘எது எத்தனை வந்தாலும் சரி’ என்று அர்த்தம். மேலே மொத்தமும் பச்சை. விட வேண்டியவையும் சேர்ந்து சிக்கியிருந்தன.

“ஊரையே புடிச்சு உள்ள போட்டுட்டீங்க,” என்றார் எட்டிப் பார்த்த கம்ப்யூட்டர்காரர்.

மூன்றாம் நாள் அடைப்புக்குறிப் பாடம். அடைப்புக்குள் வைப்பதைக் கணினி தனியே எடுத்து வைத்துக்கொள்ளும். எண் ஒரு கட்டத்துக்கு, குறிப்பு இன்னொன்றுக்கு. வெள்ளி மதியம் தன் பட்டியலில் ஓட்டினாள். ஆயிரத்து நூற்று நாற்பதும் பிரிந்து நின்றன. மூச்சு விட்டுவிட்டு, சும்மா ஒரு வரியைப் படித்தாள். திரும்பவும் படித்தாள்.

அந்த வரியில் இரண்டு எண்கள். முதலாவது ரத்தம் தருபவருடையது. இரண்டாவதற்கு முன்னால் அக்கா எழுதியிருந்தார்: ‘இதுக்குக் கூப்பிடவே கூடாது, மாமியார் ரத்தம்னு கேட்டாலே மயக்கம் போட்டுடுவாங்க.’ மாமியாரின் எண்தான் எண் கட்டத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

மணி மூன்றேகால். பாடத்தைத் திரும்பத் திறந்தாள். நட்சத்திரம் பேராசைக் குறி; எவ்வளவு விழுங்க முடியுமோ அவ்வளவையும் விழுங்கிவிட்டு, கடைசி எண்ணை மட்டும் மிச்சம் வைக்கும். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டால் முதல் எண்ணிலேயே நின்றுவிடும். போட்டாள். இரண்டு எண் இருந்த அறுபத்திரண்டு வரிகளையும் கண்ணாலும் பார்த்து முடித்தபோது நாலடிக்க மூன்று நிமிடம்.

“குறிப்புக்குத் தனிக் கட்டமா?” கம்ப்யூட்டர்காரர் தாடையைத் தடவினார். “சரி, வச்சுடலாம்.”

ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அரிய வகை ரத்தம் கேட்டார்கள். புதுத் திரையில் ஒரே ஒரு பெயர் வந்தது. பக்கத்தில் குறிப்பு: ‘மூணு தடவ மணி அடிச்சதும் வச்சுடு. திரும்ப அடி. அப்பதான் எடுப்பார்.’

மூன்று தடவை மணி அடிக்க விட்டு, வைத்துவிட்டாள். திரும்ப அடித்தாள்.

“டெலிபோன் அக்காவா?” என்றது ஓர் ஆண்குரல்.

“இல்லீங்க,” என்றாள். “பக்கத்து சீட்டு.”

“அதனால என்ன, சொல்லுங்க. எப்ப வரணும்?”