எழுநூற்று நாற்பதில் ஒருவன்

பதினொரு நாட்கள். என் மகள் எனக்குப் போன் செய்யாத நாட்கள். எண்ணினேனா என்று கேட்காதீர்கள் — எங்கள் ஃபிளாட்டின் மாடிப்படிகள் முப்பத்தெட்டு என்று இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் இதற்கு முன் மூன்று முறை எழுதியவன் நான்.

மனைவி காலமான பிறகு தார்நாகாவில் நான் தனி ஆள். மகள் குடும்பம் நகரத்தின் மறுகோடியில். மதியம் சாப்பிட்டதும் ஒன்றரைக்கு வைஃபை பெட்டியை அணைத்துவிட்டுப் படுப்பேன். வீணாக எதற்குச் சூடாக வேண்டும்? மூன்றரைக்கு எழுந்து போடுவேன். ஐந்து நிமிடத்துக்குள் மகளின் போன் வரும். "எழுந்துட்டீங்களாப்பா? டீ குடிச்சீங்களா?" அவ்வளவுதான். சராசரியாக ஒன்றரை நிமிடம். இரண்டு வருடமாக ஒரு நாள் தவறியதில்லை.

நான் எழும் நேரம் இவளுக்கு எப்படித்தான் தெரிகிறதோ... ரத்த பந்தம் என்று நண்பர்களிடம் பெருமை வேறு.

அது திடீரென்று நின்றது. வேலை இருக்கும் என்று இரண்டு நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீயே அழைத்திருக்கலாமே என்பீர்கள். அழைத்தால் கணக்கு கெட்டுவிடுமே? அவளாக எப்போது அழைக்கிறாள் என்று பார்க்க வேண்டாமா? கிழவர்களின் வீம்பு இப்படித்தான்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிறு. வந்தாள். வாசலிலேயே, "பதினொரு நாள்" என்றேன்.

"கைக்கு அப்பா இப்படி எண்ணிட்டே இருக்கீங்க?" — எரிச்சல் வந்தால் அவளுக்கு இந்த ஊர் உருது முந்திக்கொள்ளும்; கைக்கு என்றால் எதற்கு. "நீங்கதான் இப்பல்லாம் வைஃபையை ஆஃப் பண்றதில்லையே?"

"யார் சொன்னா? தினமும் பண்றேன்."

"அப்புறம் ஏன் அலர்ட் வரலை?"

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. பல கம்பெனிகளின் நெட்வொர்க் ஓடுகிறதா, நின்றதா என்று திரையில் கண்காணிப்பது அவள் வேலை. அந்தத் திரையின் மூலையில் என் வீட்டுப் பெட்டியையும் சேர்த்து வைத்திருக்கிறாள். அணைத்தால் ஒரு அலர்ட். போட்டால் இன்னொன்று — அதைப் பார்த்துத்தான் எனக்குப் போன். நான்கு மணிக்கும் வராவிட்டால் எதிர் ஃபிளாட் ஷபானாவுக்குப் போன். ஒரு முறை நான் அசந்து தூங்கிவிட்டபோது, "அங்கிள், டீக் ஹை நா?" என்று நலம் கேட்டு அந்தப் பெண் கதவை உடைக்காத குறையாகத் தட்டியது இதனால்தான்.

ரத்த பந்தமாவது!

லேப்டாப்பைத் திறந்து தேடினாள். முகம் மாறியது. "ஏஜெண்ட் நிறுத்தியிருக்கு."

"எந்த ஏஜெண்ட்?" எனக்குத் தெரிந்தது இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட்தான்.

"ஏஐ ஏஜெண்ட்ப்பா. ஒரு நாளைக்கு எண்ணூறு அலர்ட்... எவ்வளவுதான் பாக்கறது? செட்டிங்ஸை அதுவே மாத்திக்கலாம்னு ரெண்டு வாரம் முன்னால பர்மிஷன் கொடுத்தோம். இப்ப அறுபதுதான் வருது."

எண்ணூறில் அறுபது போக எழுநூற்று நாற்பது. அதில் ஒருவன் நான்.

"காரணம் எழுதியிருக்கா?" என்றேன். ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் கருவிகளின் ரீடிங் எழுதியவன். காரணம் குறிக்காமல் ஓர் எண்ணைக்கூட அடித்ததில்லை.

எழுதியிருந்தது. இங்கிலீஷில் இருந்ததை அவள் தமிழில் சொன்னாள். "தினமும் ஒரே நேரத்துல வருது. தானா சரியாயிடுது. இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் பண்ணலை. அதனால நிறுத்தியாச்சு."

"நீ போன் பண்ணினியே! அது ஒண்ணுமில்லையா?"

"அது டிக்கெட்ல இல்லையேப்பா..."

அங்கே எது செய்தாலும் டிக்கெட் என்று ஒரு பதிவு போட வேண்டுமாம். அப்பா டீ குடித்தாரா என்று விசாரித்ததற்கு யார் பதிவு போடுவார்கள்?

"எனக்காவது தோணியிருக்கணும்" என்றாள் மெதுவாக. ஆமாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணூறு அலர்ட் பார்த்த கண்கள். பார்க்கவே எனக்கு அயர்ச்சியாக இருந்தது.

இயந்திரத்தையும் குறை சொல்ல மனமில்லை. கொடுத்த வேலையைச் செய்தது. தினமும் ஒரே மாதிரி வருவது செய்தியே இல்லை என்று அது நினைக்கிறது. எழுபத்தாறு வயதில் அது ஒன்றுதானே நல்ல செய்தி?

அலர்ட்டை மறுபடி போட்டாள். இனி ஏஜெண்ட் என் வீட்டு செட்டிங்கைத் தொடுவதற்கு முன் அவளைக் கேட்டாக வேண்டும் என்று மாற்றிவிட்டாள். திங்கட்கிழமை மூன்று முப்பத்தைந்துக்குப் போன். "அப்பா, நிறுத்திடலாமான்னு அது மறுபடி கேக்குது!"

"நீ என்ன சொன்ன?"

"வேண்டவே வேண்டாம், நக்கோன்னுட்டேன்."

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. அந்தப் பதினொன்றில் ஏழாம் நாள் எனக்கு நல்ல காய்ச்சல். பெட்டியைப் போட எழுந்திருக்க முடியவில்லை. அன்று போல ஷபானா வந்து தட்டுமோ என்று ஆறு மணி வரை கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். யாரும் தட்டவில்லை.

உங்களிடம் சொல்லலாம். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இந்தப் பக்கத்தை அந்த ஏஜெண்டிடம் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொல்லாதவரை — நான் தப்பித்தேன்.