கண்ணாடிக் கடைக் கணினி நின்று நின்று போன கதை

கணினி பழுதுபார்க்கும் அந்த மனிதருக்குத் தெரு வைத்த பெயர் ரீஸ்டார்ட். யார் எந்தக் கோளாறைச் சொன்னாலும், "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பதே அவருடைய முதல் மருந்து. பலருக்கு அதுவே கடைசி மருந்தாகவும் அமைந்துவிடும். நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகாதவர், அக்கா வீட்டு மாடியில் குடியிருப்பவர். தம் வாழ்க்கையை மட்டும் அவர் ஒரு தடவைகூட ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்ததில்லை.

கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. அங்கே பில் போடும் பெண்ணின் மேசைக்கடியில் இருந்த கணினிக்கு விநோதமான வியாதி. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று மவுஸ் அம்பு நின்ற இடத்திலேயே நின்றுவிடும். தட்டினாலும் அசையாது, திட்டினாலும் அசையாது. யாரோ ஒரு வாடிக்கையாளரின் இடது கண் பாதி பதிவானபடி காணாமல் போகும். காலையில் வரும், மாலையில் வரும், சில வாரம் வராமலே இருக்கும். ஒன்று மட்டும் உறுதி: ரீஸ்டார்ட் கடைக்குள் இருக்கும்போது வரவே வராது.

அவரும் சளைக்கவில்லை. வைரஸ் தேடினார். தூசி ஊதினார். பவர் பெட்டியை மாற்றினார். ரேம் என்னும் விரல் நீளப் பச்சைப் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் பயபக்தியோடு தேய்த்தார். தேய்த்த பிறகு சோதனை. சோதனை என்றால் அவருக்கு ஒரு சட்டம் உண்டு: யாரும் பேசக் கூடாது, அசையக் கூடாது. முதலாளி முதல் மேசையில் நின்ற காத்தாடி வரை எல்லோரும் மூச்சடக்கி நிற்பார்கள். கணினி சமர்த்தாக ஓடும்.

அந்தக் கடையில் சுவரெல்லாம் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் பில் போடும் அந்தப் பெண் தெரிவாள். ஆகவே ரீஸ்டார்ட் எந்தப் பக்கமும் திரும்பாமல் மானிட்டரையே பார்ப்பார். மானிட்டர் கறுத்தால் அதிலும் அவள் தெரிவாள். ஊரே அவரை "அண்ணே" என்று கூப்பிட, அவள் மட்டும் "சார்" என்றாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் பல மாதங்களை ஓட்டிவிட்டார்.

"ஒரு மெஷினுக்கு இத்தனை நடையாடா?" என்று அக்கா கேட்டாள்.

"சிக்கலான கேஸ்க்கா."

"கேஸ் மேசைக்குக் கீழயா, மேசைக்குப் பின்னாடியா?"

ரீஸ்டார்ட் சட்டை மடிப்பைச் சரிசெய்தார்.

"வாயத் தொறந்து ஏதாச்சும் பேசினியா அவகிட்ட?"

"பேசினேனே."

"என்ன பேசின?"

"கீபோர்டுல எஃப் எட்டு அழுத்துங்கன்னு சொன்னேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

இடி முதலாளியிடமிருந்து வந்தது. "இந்த வாரத்தோட சரி. இல்லேன்னா புது மெஷின் வாங்கிடறேன். கம்பெனிக்காரனே வந்து பாத்துக்குவான். நீங்களும் பாவம், அலையறீங்க."

அலைவதற்காகவே வாழ்பவரிடம் இப்படிச் சொல்லலாமா? மறுநாள் ரீஸ்டார்ட் காலையிலேயே போய், கண் பரிசோதிக்கும் அறையில், எழுத்து அட்டைக்கு எதிரே திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். இடுக்கு வழியே ஒரு சுவர்க் கண்ணாடி தெரிந்தது. கண்ணாடிக்குள் மானிட்டரும் மேசையும் இடம் வலமாகத் தெரிந்தன. மதியத்துக்குள் அவர் உள்ளே இருப்பதையே கடை மறந்துவிட்டது.

அப்போது அவளுக்குத் தங்கையிடமிருந்து போன் வந்தது.

"என்னடி... அப்புறம்? மாமியார் முன்னாடியேவா?" என்றாள். பிறகு சிரித்தாள்.

ரீஸ்டார்ட் அவள் சிரித்துப் பார்த்ததே இல்லை. அவள் வாயால் மட்டும் சிரிக்கிறவள் அல்ல. தோள் குலுங்கியது, சக்கரம் வைத்த நாற்காலி உருண்டது, முழங்கால் மேலெழும்பிப் போய் கணினிப் பெட்டியில் டங்கென்று இடித்தது. கண்ணாடிக்குள் மவுஸ் அம்பு நின்றது.

ரீஸ்டார்ட்டும் உட்கார்ந்தபடியே உறைந்துபோனார். பிறகு திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஐயோ, சார், நீங்க இருக்கீங்களா? இப்பத்தான் நின்னுச்சு."

"பாத்தேன் மேடம். நீங்க சிரிச்சீங்க."

"சிரிச்சா நிக்குமா?"

"முட்டி இடிக்குது. உள்ள ரேம் ஆடுது."

"அப்போ நீங்க இருக்கும்போது ஏன் ஒரு தடவையும் நிக்கல?"

இந்தக் கேள்விக்கு எஃப் எட்டில் விடை இல்லை. "நான் இருக்கும்போது நீங்க சிரிச்சதில்ல" என்றார்.

"நீங்கதான சார் அசையக் கூடாதுன்னு சொன்னீங்க?"

"ஆமா. நான்தான் சொன்னேன்."

அவர் அதைச் சொன்ன முகத்தைப் பார்த்ததும் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்குள் கணினியை அணைத்து மறுபடி போட்டிருந்தார்கள். அது எழுந்து வந்த நேரம் பார்த்து முழங்கால் மறுபடி இடித்தது. அவர் எதிரிலேயே, முதன்முறையாக, அம்பு நின்றது. பட்டம் வாங்கியவர் மேடையில் நிற்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டு நின்றார் ரீஸ்டார்ட்.

பெட்டியைத் திறந்தார். ரேம் செருகும் குழியில் அதைப் பிடித்துக்கொள்ளும் சின்னக் கொக்கி உடைந்திருந்தது. இத்தனை நாளாக அதே குழியில்தான் தேய்த்துத் தேய்த்துச் செருகியிருக்கிறார், கொக்கியைப் பார்க்கவில்லை. பக்கத்திலேயே அவள் தெரியும் கண்ணாடி ஒன்று இருந்ததுதான் காரணம். அடுத்த குழி நன்றாக இருந்தது. பலகையை அதற்கு மாற்றுமுன் அவர் கை கொஞ்சம் தயங்கியது என்பதை வரலாறு குறித்துக்கொள்ளட்டும். ஆனாலும் மாற்றினார். பெட்டியையும் அவள் கால் எட்டாத பக்கம் தள்ளி வைத்தார்.

"இனிமே எவ்வளவு வேணும்னாலும் சிரிக்கலாம் மேடம்."

"தேங்க்ஸ் சார்."

அதன் பிறகு கண்ணாடிக் கடையிலிருந்து போன் வரவில்லை. வேலை சுத்தமாக முடிந்தால் அப்படித்தான். வேறு யாராவது கணினி நின்றுவிட்டது என்று கூப்பிட்டால் மட்டும், "அப்போ யாராச்சும் சிரிச்சாங்களா?" என்று முதலில் கேட்டார். அவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதாகத் தெரு பேசிக்கொண்டது.

"ஒரு கண்ணாடி போட்டுக்கோயேன்டா" என்றாள் அக்கா. "வயசும் ஆச்சு. அளவு பாக்கணும், பிரேம் பாக்கணும், திரும்பப் போய் வாங்கணும். மூணு நடை இருக்கு."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுதுக்கா."

"அதுதான்டா உன் கோளாறே."

அன்று மாலை அவர் கடைக்கு எதிர்ப்புறம் நின்று பார்த்தார். அவள் போனில் சிரித்துக்கொண்டிருந்தாள், கணினி ஓடிக்கொண்டிருந்தது. பின்னறைத் திரைச்சீலை விலகியிருந்தது. எழுத்து அட்டை தெரிந்தது. ஒரு வரியாவது மங்கலாகத் தெரியாதா என்ற வேண்டுதலோடு மேல் வரியிலிருந்து படித்துக்கொண்டே வந்தார்.

கடைசிப் பொடி எழுத்து வரை, தெருவிலிருந்தே, பளிச்சென்று தெரிந்தது.